முப்பதாவது பெயர்

அந்த அரசு மழலையர் பள்ளியில் இரண்டு வகுப்புகள். இரண்டும் நடக்க வேண்டுமென்றால் மொத்தம் முப்பது பிள்ளைகளாவது வேண்டும். ஏப்ரல் கடைசியில் பதிவேட்டில் இருந்ததோ பதினைந்து பெயர்கள்.

பெரிய டீச்சர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சேர்க்கை எழுதும் எழுத்தர் மட்டும் உட்காரவில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து படிவம் கொடுத்து வாங்கியதில் ஊருக்கே அவள் 'ஃபாரம் அக்கா' ஆகியிருந்தாள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரைப் பார்க்க முடியாது.

ஒரு கட்டுப் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள் ரயில் பாதையின் மேலே போகும் நடைப்பாலத்தைத் தாண்டினாள். அந்தப் பக்கம் காய்கறிகளை நறுக்கி உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் ஆலை. ஆலையை ஒட்டி இரண்டு வரிசையாக ஒற்றை அறை வீடுகள். எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் பேசுவது வேறு பாஷை. அவர்கள் பிள்ளைகள் யாரும் அதுவரை பாலம் தாண்டிப் பள்ளிக்கு வந்ததில்லை. வாருங்கள் என்று அவர்களை யாரும் கூப்பிட்டதும் இல்லை.

இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெண் கிடைத்தாள். அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்தவள், இருபத்து மூன்று வயது. அவளைக் கூட வைத்துக்கொண்டு ஃபாரம் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். பின்வரிசையில் கடைசிக்கு முந்தின வீட்டில் ஒரு தாய், கையில் ஆலையின் ரப்பர் உறையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னாள்.

"அவங்க பொண்ணுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாதாம். கேலி பண்ணுவாங்களான்னு கேக்கறாங்க."

"நாலு வயசுல யாருக்கும்மா எந்தப் பாஷை முழுசா தெரியும்? எங்க தெருப் பிள்ளைங்களே மூக்கைத் துடைக்க ஆள் கேக்குதுங்க. நான் இருக்கேன், அனுப்புங்கன்னு சொல்லு."

அந்தத் தாய் சிரித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

முகவரிச் சான்று யாரிடமும் இல்லை. ஆலையின் மேற்பார்வையாளரிடம் கடிதம் வாங்க ஃபாரம் அக்கா மூன்று நாள் வாயிலிலேயே கிடந்தாள். நான்காம் நாள் அவர், "உங்க தொல்லை தாங்கலம்மா" என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருடம் முதல் பெயருக்கு மொழியை எழுதிவிட்டு, கீழே வரிசையாக 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவாள். இந்த வருடம்தான் முதல்முறையாகப் பேனாவை நிறுத்தி இன்னொரு மொழியின் பெயரை எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

முப்பத்து மூன்று பேர். இரண்டு வகுப்பும் பிழைத்தன. பாஷை தெரிந்த பெண்ணைத் துணை டீச்சராகப் போட்டார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாலை வழியாகச் சுற்றி வர ஒரு வேனும் கிடைத்தது.

திறந்த முதல் நாள் அழுகைச் சத்தத்தில் ஓடு பெயர்ந்துவிடும் போலிருந்தது. "நல்லவேளை, அழறதுக்கு மட்டும் துணை டீச்சர் வேண்டாம்" என்றார் பெரிய டீச்சர். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதே. அதனால் பை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே ஆளுக்கொரு படம் ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளில் படமே பிள்ளைகளின் பெயராகிவிட்டது. பின்வரிசை வீட்டுப் பெண் 'ஆமை'. அவளுக்கு அடுத்த கொக்கி 'குடை'.

குடை, ஃபாரம் அக்காவின் தங்கை மகள்.

அம்மா இறந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. தலைவாரிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்துகொடுத்தது வரை அக்காதான். இப்போது தங்கை, கணவர், குழந்தை மூவரும் கீழ்வீட்டில், அக்கா மாடியில். "நம்ம ஸ்கூல்லயே போடு, என் கண்ணு முன்னாடி இருக்கும்" என்று அக்கா சொன்னதும் தங்கை மறுபேச்சில்லாமல் சேர்த்திருந்தாள்.

குடையும் ஆமையும் முதல் வாரம் ஒரு நீல முக்காலிக்காக அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் ஆளுக்குப் பாதியாக அதிலேயே ஒட்டி உட்கார்ந்தார்கள். ஆமை வாயைத் திறப்பதே அபூர்வம். குடைக்கு வாய் மூடுவது அபூர்வம். ஆக, ஆமைக்கும் சேர்த்துக் குடையே பேசினாள்.

"டீச்சர், அவளுக்கு ஒண்ணுக்கு வருதாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னா."

"என்னன்னு சொன்னா?"

"இப்படி நின்னா" என்று குடை கால்களைப் பின்னிக்கொண்டு நின்று காட்டினாள்.

மாலையில் குடை தன் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் ஆமை கதைதான். ஆமைக்குக் கத்தரிக்கோல் நல்லாப் பிடிக்க வருமாம். ஆமை தூங்கும்போது ஒரு கண் மட்டும் மூடுமாம். கேட்டுக் கேட்டு ஃபாரம் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விலா நோகும். கீழ்வீட்டில் தங்கை அவ்வளவு சிரிக்கவில்லை.

"அக்கா, இவ நேத்து தூக்கத்துல ஏதோ அவங்க பாஷையில உளறினா."

"நல்லதுதானே. நமக்கு இங்கிலீஷே தடுமாறுது, அவளுக்காவது நாலு பாஷை வரட்டும்."

"விளையாடாத. குரூப்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமா? டீச்சருக்குப் பாதி நேரம் அந்தப் பிள்ளைங்களுக்குப் புரியவைக்கவே போயிடுதாம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் ஒரு பேர் இருக்கும்ல?"

தங்கை மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் முதல் பெற்றோர் ஜன்னலுக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். 'ரயில்' என்ற பிள்ளையின் தாய். "வீடு மாத்தறோம்க்கா" என்றார். காரணக் கட்டத்தில் பெற்றோர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. 'வீடு மாற்றம்' என்று எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அவர்கள் தெரு வழியே போனபோது, அதே வீட்டு பால்கனியில் அதே தாய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் போர்வைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். ஃபாரம் அக்கா செருப்பைப் பார்த்தபடி நடந்தாள். பொய் சொன்னவரைவிட அவளுக்குத்தான் அதிகம் கூச்சமாக இருந்தது.

அடுத்தது, "பையனுக்குத் தூசு ஒத்துக்கலக்கா". அதற்கடுத்தது, "மாமியாருக்கு முடியல, கொண்டுவிட ஆளில்ல". போன மூவரும் பாலத்துக்கு இந்தப் பக்கத்தவர்கள். மூவருமே பிள்ளையைச் சேர்த்தது ஒரே தனியார் பள்ளியில்.

செப்டம்பரில் சரியாக முப்பது பேர். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கணக்கெடுப்பு நாள். அன்றைக்குப் பதிவேட்டில் இருக்கும் எண்தான் வருடம் முழுக்கச் செல்லும்.

ஒரு தடவை முன்னோட்டமாகக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து போயிருந்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "பாலத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து பதினெட்டா? எண்ணிக்கை காட்ட எழுதின பேர் இல்லையே?" என்று கேட்டார். வகுப்புக்குள் போய் ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டு எண்ணினார். போகும்போது, "சான்றுன்னு இருக்கறது ஆலைக்காரர் கடிதாசி ஒண்ணுதான். பதிவேட்டுல ஒரு தேதி முன்னபின்ன இருந்தாக்கூட அந்தப் பதினெட்டையும் அடிச்சிடுவாங்க, பாத்துக்குங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் தங்கை மாடிக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்த பிரைவேட் ஸ்கூல்ல ஒரு சீட்டு காலியாகியிருக்கு. நாளைக்கு டீசி கொண்டு வரணும்னு சொல்றாங்க."

ஃபாரம் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளான்னைக்குத்தான் கணக்கெடுப்பு. இவ போனா இருபத்தொம்போதும்மா. ஒரு வகுப்பை மூடிடுவாங்க."

"தெரியும்."

"வேன் போயிடும். துணை டீச்சர் வேலை போயிடும். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே எழுதி உன் கையில கொடுக்கறேன்."

"அவங்க நாளையோட வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன், அக்கா. சத்தியமா கேட்டேன்."

"அங்க என்ன இருக்கு, இங்க இல்லாதது?"

தங்கை மெதுவாகச் சொன்னாள்: "நீ என்னை வளர்த்தே. உன் பேச்சை நான் என்னைக்கும் தட்டினதில்ல. ஆனா என் பொண்ணை நான் வளர்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஃபாரம் அக்கா அணைத்த அடுப்பின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அந்தத் தனியார் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு நாள் தள்ளிக்கொள்ள முடியுமா என்று கெஞ்சினாள். "முடியாதுங்க மேடம்" என்றது ஒரு குரல். பெரிய டீச்சர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சான்றிதழ்ல இன்னைக்குத் தேதி போட்டுக் கொடுங்க. பதிவேட்டுல திங்கக்கிழமை எழுதிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

அவள் யோசிக்காமல் இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதைத்தான் யோசித்தாள். அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதில் ஒரு தேதி பொய்யென்று தெரிந்தால், இருபது பேருக்கே இடமுள்ள ஒரு வகுப்பில் அடங்காமல் ஒன்பது பேர் போவதற்குப் பதில் பதினெட்டுப் பேரும் போவார்கள்.

பதினோரு மணிக்குத் தங்கை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். உள்ளே வராமல் வரிசையிலேயே நின்றாள். முறை வந்ததும் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"காரணம்?" என்று கேட்டாள் ஃபாரம் அக்கா.

"நீயே ஏதாவது எழுதிக்கோ."

"நான் எழுதக் கூடாது. பெத்தவங்க சொல்லணும்."

தங்கை சுற்றுமுற்றும் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"என் பொண்ணு அவங்க பிள்ளைங்களோட வளர வேண்டாம்னு எழுது. வீடு மாத்தறேன்னு சொல்லி உன்னை ஏமாத்த எனக்கு வரல. அதான் காரணம். எழுதறியா?"

ஃபாரம் அக்கா 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினாள். அன்றைய தேதியைப் போட்டாள். சிவப்பு மையால் முப்பதாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். வகுப்புக்குள் போய்க் குடையைக் கூட்டிக்கொண்டு, அவள் பையையும் எடுத்து வந்து கொடுத்தாள். குடை திரும்பி, "நாளைக்கு வர்றேன், என் எடத்துல யாரையும் விடாத" என்று ஆமையிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு அம்மாவோடு போனாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து எண்ணினார். இருபத்தொன்பது. ஒரு வகுப்பு மூடப்பட்டது. மீதி வகுப்பில் இருபது பேருக்குத்தான் இடம். யாரை நிறுத்துவது என்பதற்கும் விதி இருந்தது: வீடு தூரத்தில் இருப்பவர்கள் முதலில். வரைபடத்தில் அளந்து பார்த்தார்கள். ஆலைக் குடியிருப்பின் பின்வரிசைப் பிள்ளைகள் ஒன்பது பேர்.

ஒன்பது அறிவிப்புக் கடிதங்களையும் ஃபாரம் அக்காதான் எழுத வேண்டியிருந்தது. தபாலில் அனுப்பலாம் என்றார் பெரிய டீச்சர். "கூப்பிட்டது நான். சொல்ல வேண்டியதும் நான்தான்" என்று பையை எடுத்தாள். துணை டீச்சருக்கு அன்றோடு வேலை போயிருந்தது. இருந்தாலும், "நீங்க போய் நின்னா அவங்களுக்கு என்னக்கா புரியும்?" என்று கூடவே கிளம்பினாள்.

எட்டு வீட்டில் சொல்லியாயிற்று. ஒரு தகப்பன் கடிதத்தை வாங்கிப் படிக்கத் தெரியாமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு தாய், வேன் வராவிட்டால் பரவாயில்லை, நானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். கடைசியாக ஆமை வீடு.

இவர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஆமை உள்ளே ஓடினாள். அவள் அம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். துணை டீச்சர் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே அந்தத் தாயின் முகம் மாறிவிட்டது. ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறாங்க?"

"பொண்ணு என்ன தப்புப் பண்ணினான்னு."

"ஐயோ, ஒண்ணும் பண்ணலன்னு சொல்லு. எண்ணிக்கை பத்தல, அவ்வளவுதான்னு சொல்லு."

துணை டீச்சர் சொன்னாள். அந்தத் தாய் நம்பியதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை பத்தவில்லை என்றால் இருப்பவளை ஏன் அனுப்புவார்கள்? அது அவளுக்கு எந்தப் பாஷையிலும் விளங்கவில்லை. அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

ஆமை வந்தாள். பள்ளிக்கூடப் பை முதுகில். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். ஃபாரம் அக்கா தன்னைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டிருந்தாள். அம்மா குனிந்து, குழந்தையின் தோளைப் பிடித்து, கோபமில்லாமல் ஏதோ கேட்டாள். ஆமை பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மிகச் சின்னக் குரலில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

துணை டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றா?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

"அன்னைக்கு கிளாஸ்ல பெயின்ட் தண்ணியைக் கீழ கொட்டினது அவதானாம். குடை இல்லையாம். இனிமே கொட்ட மாட்டாளாம்."

ஃபாரம் அக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் செருப்புகளைக் கழற்றினாள். சரியான காலில் மாட்டிவிட நினைத்து, எங்கே போவதற்கு மாட்டுவது என்று தோன்ற, இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பண்ணலடா தங்கம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைத் துணை டீச்சரும் தன் பாஷையில் சொன்னாள். ஆமை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுதது பெரியவர்கள் மூவரும்தான்.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் தேவலை. தண்ணீர் மோட்டார் போட்டியா, பால்காரர் வந்தாரா என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே சேர்ந்து சாப்பிடுவது நின்றுபோனது. "என்னக்கா, வர்றதே இல்ல?" என்று தங்கையின் கணவர் ஒருநாள் படியில் கேட்டார். "பல்லு வலி, மாப்பிள்ளை" என்றாள். அவருக்கும் தெரியும், பல்லில் இல்லை அந்த வலி என்று.

நவம்பரில் ஒரு சாயங்காலம் தங்கை மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். புதுப் பள்ளியிலிருந்து வந்த சீட்டைக் காட்டினாள். 'குழந்தை வகுப்பில் பேசுவதில்லை. மருத்துவரிடம் காட்டவும்.'

"இவளாக்கா பேசறதில்ல? வாயை மூடுடின்னு நாம கெஞ்சுவோமே." தங்கை சீட்டைக் கையில் சுருட்டினாள். "கேட்டா, 'அவ வரட்டும், அப்புறம் பேசறேன்'ங்கறா. தினமும் பக்கத்து நாற்காலியில பையை வச்சு எடம் பிடிக்கறாளாம். மிஸ் எடுத்துக் கீழ வச்சா அழறாளாம்."

ஃபாரம் அக்கா சீட்டை வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

"அந்தப் பொண்ணு வீடு உனக்குத் தெரியும்ல? கூட்டிட்டுப் போறியா? ஒரு தடவை ரெண்டும் பாத்துக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பாலம் ஏறினார்கள். குடை முன்னால் ஓடினாள். தங்கை வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பக்கம் கால் வைக்கிறாள். கொடியில் காயும் சீருடைகளையும் வாசலில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தாள். "நம்ம வீடு மாதிரிதான் இருக்கு" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

பின்வரிசையில் கடைசிக்கு முந்தின வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. துணை டீச்சர் அடுத்த வரிசையிலிருந்து வந்தாள். அவளும் இப்போது ஆலையில்தான் வேலை பார்த்தாள். விரல் நுனிகள் குளிரில் வெடித்திருந்தன.

"போயிட்டாங்கக்கா. பத்து நாளாச்சு. வேற ஊர்ல ஏதோ ஆலையாம். அங்கயாவது பக்கத்துல ஸ்கூல் இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போனாங்க."

"எந்த ஊரு?"

"சொன்னாங்க. நம்ம வாயில நுழையாத பேரு. போன் பண்ணினாலும் இப்ப எடுக்கறதில்ல."

குடை வீட்டின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ ஒளிஞ்சிருக்காளா?" என்று கேட்டாள். கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். பத்து வரை எண்ணிவிட்டு, "வந்துடு" என்றாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை எண்ணும்போது தங்கை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். குழந்தை திமிறி, பாலம் வரை அழுதாள்.

பாலத்தின் படியில் தங்கை நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அந்த ஒரு நாள்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

பரவாயில்லை என்று சொல்ல ஃபாரம் அக்காவுக்கு வாய் வரை வந்தது. சின்ன வயதிலிருந்து தங்கை எதை உடைத்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லவில்லை. தங்கையின் தோளிலிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படியேறினாள். இரண்டு படி பின்னால் தங்கை வந்தாள். கீழே ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்தது. அது போய் முடியும்வரை யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.